ஆலயத்து விளையில் கிடக்கும் பழைய கிணற்றை ஊர்க் குடிநீர்க் கிணறாக்கும் முறை

குமரி மாவட்டத்தில் ஒரு சபையோ பங்கோ ஊருக்குக் குடிநீர் கொடுக்க நினைத்தால், கமிட்டியில் முதலில் எழும் பேச்சு ஆழ்துளைக் கிணறு (போர்வெல்) போடுவதுதான். லாரி வரும், இரண்டு நாளில் வேலை முடியும், கல்வெட்டு வைக்கலாம். ஆனால் அடியில் கடும்பாறை இருக்கும் பகுதியில் வெடிப்பில் மாட்டினால்தான் தண்ணீர், கடலோரத்தில் ஆழம் போகப்போக உப்பு. பழைய மிஷன் வளாகங்களிலும் ஆலயத்து விளைகளிலும் (தோட்ட நிலங்களிலும்) கல்கட்டுக் கிணறுகள் தூர்ந்துபோய்க் கிடக்கின்றன. வீட்டுக் குழாய் வந்ததும் கைவிடப்பட்டவை அவை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே பெய்வதால் ஆழம் குறைந்த கிணறு ஆண்டுக்கு இருமுறை ஊறுகிறது. வேதத்தில் ஈசாக்கு, தன் தகப்பன் ஆபிரகாம் காலத்தில் வெட்டி, பிறகு பெலிஸ்தர் தூர்த்துப்போட்ட துரவுகளைத்தான் மறுபடி தோண்டினான். நாமும் அங்கிருந்து தொடங்கலாம்.

கீழே சொல்வது திறந்த கிணற்றைப் பற்றியது. கடலோரத்துக்கும் மலைப்பகுதிக்கும் வேறு வழி வேண்டும், அதைப் பின்னால் தனியாகச் சொல்கிறோம்.

தண்ணீர் எடுக்கும் இடம் தெருவில் இருக்கட்டும்

கட்டுமானத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. கிணறு ஆலய வளாகத்துக்குள் இருந்தாலும், குழாய் வளாகச் சுவரின் வெளிப்பக்கம், தெருவில் இருந்து எட்டும்படி இருக்க வேண்டும். கேட்டைத் திறக்க ஆள் தேட வேண்டியிருந்தால், காலை 5 மணிக்குக் குடத்தோடு வருபவர்கள் நான்காம் நாள் வரமாட்டார்கள். வேறு சபையார், இந்துக்கள், முஸ்லிம்கள் ஆலய வளாகத்துக்குள் வரக் கூச்சப்படுவார்கள். உள்ளே வந்தால்தான் தண்ணீர் என்று வைத்துவிட்டு, எல்லாருக்கும் பொது என்று சொல்வதில் பொருளில்லை.

இந்த மண்ணில் இது சாதாரண விஷயமல்ல. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபோது திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பொதுக்கிணறும் பொதுவழியும் மறுக்கப்பட்டிருந்தன. அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து பயன்படுத்த முத்திரிக்கிணறு அமைத்தார். கிணறு யாருக்கு என்ற கேள்விக்கு இங்கே எல்லாரும் பதில் தெரிந்து வைத்திருக்கிறார்கள், யார் சொன்னபடி நடக்கிறார்கள் என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனவே தண்ணீர் எடுக்க வருபவரிடம் கைப்பிரதி கொடுப்பது, ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிடுவது, பெயர்ப் பதிவு கேட்பது எதுவும் குழாயடியில் வேண்டாம். ஊழியத்தின் சாட்சி தண்ணீரின் சுத்தத்தில் தெரியட்டும்.

கமிட்டியில் சபைச் செயலர், வார்டு உறுப்பினர் தவிர, தினமும் தண்ணீர் சுமக்கும் பெண்கள் குறைந்தது பாதிப்பேர் இருக்க வேண்டும். அதில் இரண்டு பேராவது சபைக்கு வெளியே உள்ளவர்களாக இருப்பது நல்லது. குழாய் எந்த உயரத்தில், எந்த நேரத்தில் கூட்டம், எங்கே வழுக்கும் என்று அவர்களுக்கே தெரியும்.

கிணற்றைச் சுற்றி 50 அடி நடந்து பாருங்கள்

கழிப்பறைக் குழி, செப்டிக் டேங்க், மாட்டுத்தொழுவம், உரக்குழி எதுவும் 15 மீட்டருக்குள், அதாவது 50 அடிக்குள் இருக்கக் கூடாது என்பது பொதுவான அளவு. மேற்கே விளவங்கோடு, கல்குளம் பக்கம் வெட்டுக்கல் (லேட்டரைட்) நிலமாக இருந்தால் அந்த அளவையே நம்பியிருக்க வேண்டாம். வெட்டுக்கல்லில் துளைகளும் பொந்துகளும் உண்டு. மணல் அழுக்கை வடிகட்டி மெதுவாகவே விடும், வெட்டுக்கல் பொந்து வழியாக அது நேரே வந்துவிடும். கழிவுக்குழி கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இருந்தால் 100 அடி இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

ஆலய நிலங்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: கல்லறைத் தோட்டம். பிரிட்டனில் குடிநீர்க் கிணற்றுக்கும் புதைக்கும் இடத்துக்கும் 250 மீட்டர் இடைவெளி கேட்கிறார்கள். நம் ஊர் நெருக்கத்தில் அந்த அளவு எளிதில் கிடைக்காது. ஆனால் கல்லறைத் தோட்டம் மேட்டிலும் கிணறு பள்ளத்திலும் இருந்து, இப்போதும் அடக்கம் நடந்துவந்தால், அந்தக் கிணற்றைத் தோட்டத்துக்கும் துப்புரவுக்கும் வைத்துக்கொண்டு குடிநீருக்கு வேறு கிணறு பாருங்கள். சபை மூத்தவர்களுக்கு இது மனக்கஷ்டம் தரும் பேச்சுதான், ஆனாலும் முதல் கூட்டத்திலேயே பேசிவிட வேண்டும்.

ஊருக்கு ஊர் அழுக்கு மாறும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் அடிக்கும் இடத்தின் ஆசிட் கழிவுநீர் எங்கே போகிறது என்று பாருங்கள். மழைக்கு முன் ரப்பர் மரங்களுக்குத் தாமிர மருந்து அடிக்கும் வாரத்தில் மூடாத கிணற்றின் மேல் தார்ப்பாய் போட வேண்டும். கதம்பல் (தேங்காய் மட்டை) ஊறப்போடும் குளத்துக்கு அருகிலுள்ள கிணற்றில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காரணம் வேறெங்கும் தேட வேண்டாம். அதைக் குளோரின் போட்டு நிலையாகச் சரிசெய்ய முடியாது.

தண்ணீர் மேல் பளபளப்பான ஏடு படிந்திருந்தால் குச்சியால் குத்துங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து பிரிந்தால் இரும்புச்சத்தும் அதில் வாழும் பாக்டீரியாவும். கலைந்து மறுபடி கூடிக்கொண்டால் எண்ணெய், அதாவது மோட்டாரோ வண்டி நிறுத்தும் இடமோ காரணம்.

இறைத்துத் தூர் எடுத்தல்

ஏப்ரல் முதல் மே நடுப்பகுதி வரை நல்ல காலம். நீர்மட்டம் தாழ்ந்திருக்கும், தென்மேற்கு மழை தொடங்குமுன் பூச்சுவேலை காய்ந்துவிடும்.

முதலில் அளவு எடுங்கள். கயிற்றில் கல் கட்டி இறக்கி நீர்மட்டம் வரையும் அடிவரையும் அளந்து, விட்டத்தையும் குறியுங்கள். அடிக்கணக்கில் விட்டம் × விட்டம் × நீர் ஆழம் × 22 என்று பெருக்கினால் ஏறத்தாழ லிட்டர் கிடைக்கும். 8 அடி விட்டம், 10 அடி தண்ணீர் என்றால் 14,000 லிட்டர். இந்த எண் குளோரின் மருந்து போடும்போது மறுபடி தேவைப்படும், சுவரில் பெயின்டால் எழுதி வையுங்கள்.

இறைக்கும்போது அவசரப்படுவதில்தான் கிணறு இடிகிறது. வெளியே மண் நீரில் ஊறியிருக்க, உள்ளே தண்ணீரைச் சட்டென்று எடுத்துவிட்டால் வெளி அழுத்தம் பழைய கல்கட்டைத் தள்ளும். ஒரு மணி நேரத்துக்கு மூன்று நான்கு அடிக்குமேல் இறக்காதீர்கள், இடையிடையே கல்கட்டுச் சுவரைக் கவனியுங்கள். மணலில் இறக்கிய உறைகிணறு என்றால் இன்னும் கவனம்: அடியில் தண்ணீர் கொப்பளித்து மணல் மேலேறத் தொடங்கியதும் மோட்டாரை நிறுத்துங்கள். அதற்குமேல் இழுத்தால் உறைக்கு வெளியே மணல் போய் உறை சாயும்.

ஆள் இறங்கும்போது. ஆண்டுகளாகப் பயன்படாத கிணற்றின் அடியில் ஆக்சிஜன் குறைந்திருக்கும், நச்சுவாயுவும் தேங்கியிருக்கலாம். ஒருவர் மயங்கியதும் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து சாவதுதான் இந்த விபத்துகளில் மறுபடி மறுபடி நடப்பது. விளக்கு இறக்கிப் பார்க்கும் வழக்கம் போதாது. விளக்கு அணைந்தால் இறங்கக் கூடாது என்பது சரி, ஆனால் அணையாவிட்டால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜன் சல்பைடையும் அது காட்டாது, எரியும் வாயு இருந்தால் தீப்பிடிக்கும். ஆக்சிஜனையும் இந்த வாயுக்களையும் காட்டும் கருவியை வாடகைக்கோ தீயணைப்பு நிலையத்தாரின் உதவியோடோ பெறுங்கள். புளோயர் குழாயை அடிவரை இறக்கி அரை மணி நேரம் காற்று அடித்த பிறகு அளந்து, வேலை முடியும்வரை காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இறங்குபவருக்கு உடல்வார், அதில் கட்டிய கயிறு, மேலே இழுக்க இரண்டு பேர். டீசல் அல்லது பெட்ரோல் மோட்டாரைக் கிணற்றுக்குள் எக்காரணம் கொண்டும் இறக்காதீர்கள், வாய்க்கு அருகிலும் வைக்காதீர்கள். யாராவது மயங்கினால் யாரும் பின்னால் இறங்காமல் கயிற்றை இழுத்துக்கொண்டே 101க்கும் 108க்கும் அழையுங்கள். சபை வாலிபர்களைத் தன்னார்வப் பணி என்று இறக்கிவிடும் பழக்கம் வேண்டவே வேண்டாம், கிணற்று வேலை தெரிந்தவருக்குக் கூலி கொடுத்துச் செய்யுங்கள்.

சேறு, இலைமக்கு, உடைந்த வாளி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்து, கல்கட்டுச் சுவரைக் கம்பி பிரஷால் தேய்த்து, மரவேர்களை வெட்டுங்கள். ஆலமரமோ அரசமரமோ கட்டில் முளைத்திருந்தால் வேர் புகுந்த கல்லை எடுத்துத்தான் மறுபடி கட்ட வேண்டும், மேலே வெட்டினால் அடுத்த மழையில் தழைக்கும். அடியில் சுத்தமான ஆற்றுமணலும் அதன் மேல் ஜல்லியுமாக அரை அடி போட்டால் கலங்கல் குறையும்.

கட்டுவேலை

மழைநீர் மேலேயிருந்து கட்டின் இடுக்கு வழியாக இறங்குவதுதான் பெரும்பாலான கிணறுகளின் நோய். ஆகவே மேல் 10 அடியில் பணத்தைப் போடுங்கள்.

கட்டின் உட்புறம் மேல் 10 அடிக்கு 1:3 (சிமெண்ட், மணல்) பூச்சு, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்து. அதற்குக் கீழே பூசக் கூடாது, ஊற்று அடைபடும். முடிந்தால் கட்டின் வெளிப்புறம் ஓரடி அகலம் தோண்டி, குழைத்த களிமண்ணை மிதித்து நிரப்புங்கள். கைப்பிடிச் சுவர் தரையிலிருந்து இரண்டரை அடியாவது. சுற்றி நான்கடி அகலத்துக்கு 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட் மேடை, நான்கு அங்குல கனம், ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. வெளிப்பக்கச் சரிவு. மேடையும் சுவரும் சேரும் மூலையில்தான் வெடிப்பு விழும், அங்கே வளைவாகப் பூசுங்கள். சிந்தும் தண்ணீர் வாய்க்கால் வழியாக 30 அடி தள்ளி வாழைக்குப் போகட்டும். குழாயடியில் துணி துவைக்க ஆரம்பித்தால் நிறுத்துவது சிரமம், துவைகல்லைத் தொலைவில் தனியாக அமைத்துக் கொடுத்துவிடுங்கள்.

மூடி: கம்பிவலை இலையைத் தடுக்கும், பறவை எச்சத்தைத் தடுக்காது. கான்கிரீட் மூடி, அதில் இரண்டடி ஆள்துளை, துளையைச் சுற்றி அரை அடி உயர விளிம்பு, மேல்மூடியில் பூட்டு. வலை போட்ட காற்றுக்குழாய் ஒன்றும் வேண்டும். வாளியும் கயிறும் தரையில் கிடந்து கிணற்றுக்குள் போவதே பெரிய அழுக்கு என்பதால், மூடிய பிறகு மோட்டார் அல்லது கைப்பம்பு வழியாக மட்டுமே தண்ணீர் வர வேண்டும்.

மின்சாரம் போகும் ஊர்களுக்குக் கைப்பம்பும் வைத்துக்கொள்வது நல்லது. நாம் தெருவுக்குத் தெரு பார்க்கும் இந்தியா மார்க் 2 பம்புக்கு மிஷன்களோடு உறவு உண்டு. மகாராஷ்டிரத்தின் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் மிஷன் பணியாளர்கள் 1960களில் உருவாக்கிய பம்புகளே அதற்கு முன்மாதிரி. யுனிசெஃப் துணையோடு 1970களில் அது இன்றைய வடிவம் பெற்றது. நன்றாக வேலை செய்தால், கைப்பிடியை 40 முறை அடிக்கும்போது 15 லிட்டர் வரும். அதற்குக் குறைந்தால் முதலில் உருளையில் உள்ள வாஷர்களை மாற்றுங்கள். வெட்டுக்கல் பகுதியில் தண்ணீர் புளிப்புத்தன்மையாக, பி.எச். 6க்கும் கீழே இருப்பது சாதாரணம். அந்த நீர் ஜி.ஐ. குழாயை அரிக்கும், காலையில் முதல் குடம் சிவப்பாக வரும். அங்கே துருப்பிடிக்காத எஃகு அல்லது யு.பி.வி.சி. குழாய் போடுங்கள். உறிஞ்சும் வகைப் பம்பு வாங்காதீர்கள்: காலையில் மேலே தண்ணீர் ஊற்றித்தான் அது வேலை செய்யும், ஊற்றுகிற தண்ணீர் எதுவோ அதன் அழுக்கும் உள்ளே போகும்.

முதல் முறை மருந்து, பிறகு தினசரி மருந்து

பிளீச்சிங் பவுடர் புதிதாக இருக்கும்போது 33 சதவீதம் அளவுக்குக் குளோரின் தரும். குமரியின் ஈரக்காற்றில் திறந்த சாக்கில் வைத்தால் சில வாரத்தில் வெறும் சுண்ணாம்பாகிவிடும். கட்டிதட்டி ஈரமாக இருப்பதை வாங்காதீர்கள். ஒரு மாதத் தேவைக்குமேல் சேர்க்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், இருட்டில் வையுங்கள். ரப்பர் ஷீட்டுக்கான ஆசிட் இருக்கும் அறையில் இதை வைக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். கீழுள்ள கணக்குகள் 25 சதவீதம் என்று வைத்துப் போட்டவை.

வேலை முடிந்து கிணறு ஊறியதும் முதல் முறை: 1,000 லிட்டருக்கு 200 கிராம். 14,000 லிட்டர் கிணற்றுக்கு 2.8 கிலோ. பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரை எடுத்துக்கொண்டு பவுடரை அதில் போட்டுக் கரையுங்கள், ஒரு வாளிக்கு 100, 150 கிராமுக்குமேல் வேண்டாம். பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் விடுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பை உள்ளே கொட்டினால் தண்ணீர் கடினமாகும். கயிற்றில் கட்டிய வாளியை மேலும் கீழும் ஆட்டிக் கலக்கி, கைப்பிடிச் சுவர், குழாய், தொட்டி எல்லாவற்றிலும் அதே நீரை ஓடவிட்டு, 12 மணி நேரம் யாரும் எடுக்காமல் பூட்டி வையுங்கள். மறுநாள் வாசனை அடங்கும்வரை இறைத்து வெளியே விடுங்கள். மீன் இருக்கும் குளத்துக்கோ சானலுக்கோ அது போகக் கூடாது. கிணற்றில் மீன் விட்டிருந்தால் முன்பே எடுத்துவிட வேண்டும்.

அதன் பிறகு தினசரி மருந்தைக் கிணற்றில் போடுவதைவிட மேல்தொட்டியில் போடுவதே சரி. கிணற்றின் அளவு நாளுக்கு நாள் மாறும், 2,000 லிட்டர் தொட்டி மாறாது. எவ்வளவு போட வேண்டும் என்பதை வாளிச் சோதனையில் கண்டுபிடிக்கலாம்:

1. ஒரு லிட்டர் தண்ணீரில் 40 கிராம் பவுடர் கரைத்துத் தெளியவிடுங்கள். இது 1 சதவீதக் கரைசல்.
2. 20 லிட்டர் தண்ணீருள்ள நான்கு வாளிகளில், ஊசியில்லாத சிரிஞ்சால் முறையே 1, 2, 4, 6 மி.லி. விட்டுக் கலக்குங்கள்.
3. அரை மணி நேரம் கழித்து குளோரின் சோதனைப் பெட்டியால் ஒவ்வொன்றையும் பாருங்கள். மஞ்சள் நிறம் தரும் ஓ.டி. மருந்தென்றால் சொட்டு விட்ட சில நொடிகளிலேயே நிறத்தை ஒப்பிட வேண்டும், தாமதித்தால் அளவு கூடுதலாகக் காட்டும். சோதித்த நீரைக் குடிக்கவோ கிணற்றடியில் ஊற்றவோ கூடாது.
4. மீதிக் குளோரின் லிட்டருக்கு 0.4 முதல் 0.5 மி.கி. காட்டும் வாளியைத் தேர்ந்து, அதன் மி.லி. அளவை 100ஆல் பெருக்குங்கள். 2 மி.லி. வாளி என்றால் தொட்டிக்கு 200 மி.லி. கரைசல்.

தெருக்குழாயில் 0.2 மி.கி.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். மழை தொடங்கியதும் கலங்கலும் மக்கும் குளோரினைத் தின்றுவிடும், அதே 200 மி.லி. போட்டும் குழாயில் ஒன்றும் இருக்காது. ஆகவே ஜூன் முதல் வாரத்திலும் அக்டோபர் நடுவிலும் வாளிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். தண்ணீர் கண்ணுக்குக் கலங்கலாகத் தெரிந்தால் மருந்தைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்காமல், தெளியவைத்து அல்லது மணலில் வடித்த பிறகே மருந்திடுங்கள்.

மருந்து வாசனை என்று மக்கள் பழைய கிணற்றுக்கே திரும்புவது அடிக்கடி நடக்கும். இரவே தொட்டியில் மருந்திட்டுக் காலையில் குழாயைத் திறந்தால் வாசனை பாதியாகும். வீட்டில் குடத்தை மூடிவைத்து, கைபோடாமல் பிடியுள்ள அகப்பையால் எடுக்கச் சொல்லுங்கள். குழாயில் சுத்தமாக வந்த தண்ணீர் வீட்டுக் குடத்தில் கெடுவது மிக அதிகம். சபையின் பெண்கள் ஐக்கியமும் பங்கின் அன்பியக் குழுக்களும் வீடுவீடாகப் போய்ச் சொன்னால் கேட்கிற ஊர்கள் இவை.

சோதனை

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டில்தான் வேண்டும். மருந்திட்ட நீர் என்று முன்பே சொல்லுங்கள், குளோரினை முறிக்கும் உப்பு போட்ட பாட்டில் கொடுப்பார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும். இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 சொல்லும் முக்கிய அளவுகள்: பி.எச். 6.5 முதல் 8.5, டி.டி.எஸ். எனும் கரைந்த உப்புகள் 500 மி.கி. (வேறு நீரே இல்லாவிட்டால் 2,000 வரை), நைட்ரேட் 45 மி.கி., ஃபுளோரைடு 1 (உச்சம் 1.5), 100 மி.லி. நீரில் ஈ.கோலை எனும் மலக்கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. நைட்ரேட் 45ஐத் தாண்டினால் உரமோ கழிவுக்குழியோ கலக்கிறது என்று பொருள். கொதிக்கவைத்தால் அது போகாது, கைக்குழந்தைகளுக்கு அந்த நீரில் பால்மாவு கலக்கக் கூடாது.

ஆய்வகத்துக்கு இடையே மாதமொருமுறை எச்2எஸ் பாட்டில் போதும். மருந்திடாத கிணற்று நீரைக் கோடுவரை நிரப்பி, வீட்டு வெப்பத்தில் ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கிருமி இருந்தால் கறுக்கும்.

கடலோரத்தில்

தூத்தூர் முதல் மணக்குடி வரை மணலுக்கடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு. மேலே ஓரடியை உறிஞ்சிவிட்டால் உப்பு எல்லை காலப்போக்கில் 40 அடி மேலேறும். ஆகவே ஆழப்படுத்தாதீர்கள், பெரிய மோட்டார் போடாதீர்கள். ஆழமில்லாத இரண்டு மூன்று கிணறுகளில் அரை எச்.பி. மோட்டாரால் இரவில் மெதுவாக எடுத்து, டி.டி.எஸ். மீட்டரில் வாரந்தோறும் குறியுங்கள். எண் தொடர்ந்து ஏறினால் எடுக்கும் நேரத்தைப் பாதியாக்குங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நடந்ததுபோலக் கடல்நீர் கிணற்றுக்குள் புகுந்தால், வற்றவற்ற இறைப்பது கீழேயுள்ள உப்பையும் மேலே இழுக்கும். அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு மழைக்கு விடுவதே மேல்.

ஆலயக் கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்து ஊருக்கே கொடுக்கலாம் என்று கமிட்டிகள் நினைப்பதுண்டு. கணக்கைப் பாருங்கள்: குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 லிட்டர், நான்கு பேர், 100 வறண்ட நாள் என்றால் ஒரு குடும்பத்துக்கே 3,200 லிட்டர். 10,000 லிட்டர் தொட்டி மூன்று குடும்பத்துக்கு மட்டுமே வரும். எனவே தொட்டியைத் தனியாக இருக்கும் முதியோருக்கும் பாலர் பள்ளிக்கும் ஒதுக்கி, மீதிக் கூரைநீரை ஜல்லி, மணல் வடிகட்டி வழியாக மணலுக்குள் விடுங்கள், ஊர்க் கிணறுகள் எல்லாம் இனிக்கும். 100 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழைக்கு 100 லிட்டர் விழும். அந்த முதல் 100, 200 லிட்டரை வெளியே விட்டுவிட வேண்டும், கோபுரத்துப் புறா எச்சமும் வௌவால் எச்சமும் அதில்தான் இருக்கும்.

மலைப்பகுதியில்

பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளில் கிணற்றைவிட ஊற்றைப் பாதுகாப்பதே எளிது: ஊற்றுக்கண்ணைச் சுற்றிச் சிறு கான்கிரீட் பெட்டி, மேலே மழைநீரைத் திருப்பும் வாய்க்கால், கீழே எச்.டி.பி.இ. குழாய், தாழ்வான இடங்களில் வண்டல் திறப்பு, மேடுகளில் காற்று வால்வு. குழாயை இரண்டடி புதைக்காவிட்டால் யானை மிதித்து உடைக்கும். வன உரிமைச் சட்டம் 2006இன் பிரிவு 3(2) அரசு நிர்வகிக்கும் குடிநீர்க் குழாய்க்கு ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தை விட வழி தருகிறது, அதற்குக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். எனவே வெளியிலிருந்து வரும் சபை திட்டத்தோடு போகாமல், காணி மக்களின் கிராம சபை கேட்ட பிறகே போக வேண்டும்.

பணம்

மாதச் செலவு மின்கட்டணம், பவுடர், மருந்திடுபவரின் கூலி, ஆண்டுக்கொரு தூர்வாரல். இதைக் குடும்பங்களால் பிரித்து, மாதம் ஒரு சிறு தொகையாக வாங்குங்கள். கட்ட முடியாதவருக்கு விலக்கு உண்டு, தண்ணீர் மறுப்பு இல்லை. மருந்திடுபவருக்கு மாற்றாள் ஒருவர் கட்டாயம். ஒருவர் கன்வென்ஷனுக்குப் போன வாரத்தில் மருந்து நின்றுபோவதுதான் நடப்பது.

வெளிநாட்டு நன்கொடை என்றால், எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்பு மட்டுமே வாங்கலாம், அதுவும் புது தில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, ஆகவே ஒரு டிரஸ்ட் வாங்கி உள்ளூர்ச் சபைக்கு அனுப்பும் ஏற்பாடு சட்டப்படி செல்லாது. வளைகுடாவில் வேலைபார்க்கும் நம் ஊர்க்காரர் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், ஓ.சி.ஐ. (வெளிநாட்டு இந்தியர்) அட்டை வைத்திருந்தாலும், தரும் பணம் வெளிநாட்டு நன்கொடைதான்.

எப்போது குழாயைப் பூட்ட வேண்டும்

ஈ.கோலை வந்தால் அன்றே அறிவித்து, மறுபடி 1,000 லிட்டருக்கு 200 கிராம் மருந்திட்டு, இறைத்து, ஒரு வாரம் கழித்துச் சோதியுங்கள். அதுவரை வீடுகளில் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்க வேண்டும், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். இரண்டாம் முறையும் வந்தால் அழுக்கு தொடர்ந்து உள்ளே வருகிறது என்று பொருள்: பூச்சு வெடிப்பு, மேடை விரிசல், புதிதாகக் கட்டிய யாரோ ஒருவரின் செப்டிக் டேங்க். கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை குழாயைப் பூட்டி, "குடிக்க அல்ல" என்ற பலகையைத் தெருப்பக்கம் வைத்து, ஊராட்சி லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்யுங்கள். செப்டிக் டேங்க் ஆலயத்துடையதாகவே இருந்தால் அதை இடம் மாற்றும் செலவு ஆலயத்துடையது.